ஸ்டீவ் ஐசர்மன்: 155 புள்ளிகளிலிருந்து 3 ஸ்டான்லி கோப்பைகள் வரை, உண்மையில் என்ன மாறியது?

நீலக்கோடு

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் (NHL) டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் முன்னாள் கேப்டன் ஐசர்மனைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரே கதைதான் ஓடுகிறது. பயிற்சியாளராக ஸ்காட்டி போமன் வந்தார், கோல் அடிப்பதைக் குறைத்துத் தற்காப்பு ஆடச் சொன்னார், ஐசர்மன் தன் புள்ளிகளைத் தியாகம் செய்தார், லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் பாதிதான் நிற்கிறது.

முதலில் எண்கள். கோல், அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்), இரண்டும் சேர்ந்த மொத்தப் புள்ளி என்ற வரிசையில்:

1987-88: 50, 52, 102 (64 ஆட்டம்)
1988-89: 65, 90, 155 (80)
1989-90: 62, 65, 127 (79)
1992-93: 58, 79, 137 (84)
1993-94: 24, 58, 82 (58)
1994-95: 12, 26, 38 (47)
1995-96: 36, 59, 95 (80)
1996-97: 22, 63, 85 (81)
1997-98: 24, 45, 69 (75)
1999-2000: 35, 44, 79 (78)

போமன் பொறுப்பேற்றது 1993-94இல். அந்த வருடம் 137இலிருந்து 82க்கு விழுந்ததைக் காட்டித்தான் எல்லாரும் "மாற்றினார்" என்கிறார்கள். ஆனால் கழுத்துத் தண்டுவட்டு பிதுங்கியதால் ஐசர்மன் அப்போது 26 ஆட்டங்கள் வெளியே இருந்தார். ஆடிய 58 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு 1.41 புள்ளி. முந்தைய வருடம் 1.63. இறக்கம்தான், ஆனால் ஆளே மாறிவிட்டார் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

அடுத்தது லீக். 1988-89இல் ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து சராசரியாக ஏழரை கோல் அடித்தன. 1997-98இல் அது 5.3க்கும் கீழே. 1997-98இன் 69 புள்ளியை 1988-89 விலைவாசிக்கு மாற்றினால் 98 பக்கம் வரும். 155ஐ 1997-98க்குக் கொண்டுவந்தால் 109தான். ஒரு பக்கம் 23 வயது, மறுபக்கம் 32 வயது. சரிவின் பெரும்பகுதி வயதும் காலமும். தியாகம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த இழை.

செஞ்சிறகு

அண்ணே, லீக் சராசரியை வைத்து எல்லாவற்றையும் துடைத்துவிட முடியாது. உங்கள் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. 1996-97ஐப் பாருங்கள்: 81 ஆட்டம், 22 கோல். அதே அணியில் அதே வருடம் பிரெண்டன் ஷானஹன் 46 அடித்தார். லீக்கில் கோல் வறட்சி என்றால் அது ஷானஹனுக்கும் வறட்சிதானே? ஐசர்மனின் அசிஸ்ட் 63, அதாவது பக் (ஆடும் ரப்பர் வட்டு) அவர் ஸ்டிக்கில்தான் இருந்திருக்கிறது. கோலுக்கு முன்னால் போய் நிற்கிற வேலையை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

இதன் பின்னணியையும் விட்டுவிடக் கூடாது. 1988-89இல் 155 எடுத்தபோது அணி 34 வெற்றி, 34 தோல்வி, 12 சமன். பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், முதல் சுற்றிலேயே சிகாகோவிடம் அவுட். அந்த வருடம் லெமியூ 199, கிரெட்ஸ்கி 168, அடுத்தது இவர். ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தரும் பியர்சன் விருது இவருக்கு, பத்திரிகையாளர்கள் தரும் ஹார்ட் விருது கிரெட்ஸ்கிக்கு. இன்றுவரை ஒரே சீசனில் 155க்கு மேல் எடுத்தவர்கள் அந்த இரண்டு பேர் மட்டுமே. இவ்வளவும் செய்து அணி பாதிக்குப் பாதி!

1994இல் முதல் சுற்றில் சான் ஹோசேயிடம் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. 1995 இறுதியில் நியூ ஜெர்சியிடம் நாலு ஆட்டமும் தோல்வி. அந்தக் கோடையில் இவரை ஒட்டாவாவுக்கு விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு பலமாக எழுந்தது. அக்டோபரில் சொந்த மைதான முதல் ஆட்டத்தில் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டியது அதனால்தான். விற்கும் நிலைக்கு வந்த கேப்டன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளாமல் என்ன செய்வார்?

புதுசு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "தற்காப்பு ஆடுவது" என்றால் ஐசர்மன் மாதிரி சென்டர் என்ன செய்வார்? கோலி (கோல் காப்பாளர்) இருக்கிறார், டிஃபன்ஸில் இரண்டு பேர் இருக்கிறார்கள். தாக்குதல் ஆட்டக்காரர் பின்னால் வந்து என்ன பண்ணுவார்?

பின்வரிசை

நல்ல கேள்வி. இது புரியாமல் மேலே நடக்கிற வாதம் காற்றில் கத்தி வீசுவதுதான்.

ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒரு பக்கம் கோலியைத் தவிர ஐந்து பேர்: சென்டர், இடது விங்கர், வலது விங்கர், இரண்டு டிஃபன்ஸ். ஒரு ஷிஃப்ட் 40-45 நொடி, அப்புறம் பெஞ்ச். விங்கர் தன் பகுதியின் எல்லையான நீலக்கோட்டருகே எதிரணி டிஃபன்ஸைப் பார்த்துக்கொண்டால் போதும். சென்டர் மட்டும் கோல் முன்னால், மூலையில், நடுவில் என்று மூன்றாவது டிஃபன்ஸ் மாதிரி கீழே இறங்க வேண்டும். அங்கே பக்கைப் பிடுங்கியதும் முதல் பாஸ் வாங்குவதும் அவர்தான். இறங்காத சென்டருக்கு முன்பக்கம் அரை நொடி கூடுதல் கிடைக்கும், கோல் வரும். ஆனால் கோல் வாசலில் ஓர் எதிரி தனியாக நிற்பார்.

டெட்ராய்ட் இதோடு நிறுத்தவில்லை. போமன் காலத்தில் அவர்கள் ஆடியது இடது விங் பூட்டு. படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்று: எதிரணி முனையில் பக் கைமாறியவுடன் இடது விங்கர் துரத்த மாட்டார். திரும்பி வந்து இரண்டு டிஃபன்ஸோடு ஒரே வரிசையில் நிற்பார். ரிங்கை மூன்று தடமாகப் பிரித்தால் இடது தடம் அவருக்கு, நடுவும் வலதும் டிஃபன்ஸுக்கு.

இரண்டு: சென்டரும் வலது விங்கரும் மட்டும் உள்ளே போய் நெருக்குவார்கள். பக்கை உடனே பிடுங்குவது அவசியமில்லை. பக் வைத்திருப்பவரை ஒரு ஓரமாகத் தள்ளினால் போதும்.

மூன்று: ஓரத்தில் மாட்டியவருக்கு முன்னால் மூன்று பேர் வரிசை. பாஸ் போட்டால் வெட்டுப்படும். உள்ளே எறிந்தால், ஏற்கெனவே திரும்பி நிற்கிற டிஃபன்ஸ் முதலில் எடுத்துவிடுவார்.

எங்கே உடையும்? பெரும்பாலும் சென்டரிடம். அவர் ஆழமாகப் போய் எதிரணி கோலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே பெரிய ஓட்டை. அங்கே ஒரு பாஸ் விழுந்தால் மூன்று பேர் வரிசையும் பின்வாங்கத்தான் வேண்டும். ஆக இந்த முறையில் சென்டர்தான் முதலில் உள்ளே போகிறவர், முதலில் திரும்ப வேண்டியவரும் அவரே. கோல் ஏன் 22க்கு இறங்கியது என்று தேடுகிறவர்கள் இங்கே தேடலாம். கோலடிக்கும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற நேரமே அவருக்கு இல்லை.

புதுசு

அப்படியானால் எதிரணி நீளமாக ஒரு பாஸ் போட்டு மூன்று பேரையும் தாண்டிவிட முடியாதா?

பின்வரிசை

அந்தக் காலத்தில் முடியாது. தன் பகுதியிலிருந்து நடுச் சிவப்புக்கோட்டைத் தாண்டிப் போகும் பாஸ் விதிப்படி செல்லாது, இரண்டு கோட்டு பாஸ் என்று விசில் ஊதிவிடுவார்கள். பூட்டும், நியூ ஜெர்சியின் நடுப்பகுதிப் பொறியும் வேலை செய்ததற்கு இந்த விதி பாதிக் காரணம். 2005-06இல்தான் அதை நீக்கினார்கள். இந்த இரண்டும் லீக்கின் கோல் சராசரியையே கீழே இழுத்தவை. நீலக்கோடு "காலம்" என்று ஒதுக்குகிற இறக்கத்தில் டெட்ராய்ட்டே ஒரு பங்குதாரர்.

கனடாக் கந்தன்

அண்ணைமார் எல்லாரும் கோலைப் பற்றியே கதைக்கிறியள். ஐசர்மன் 2000ஆம் ஆண்டு செல்கி விருது எடுத்தவர், அது சிறந்த தற்காப்பு ஃபார்வர்டுக்குக் குடுக்கிறது. அவற்றை தற்காப்பு தொடங்குற இடம் ஃபேஸ்ஆஃப், அதாவது ஆட்டம் தொடங்க லைன்ஸ்மன் (துணை நடுவர்) போடுற பக்குக்காக ரெண்டு சென்டரும் நேருக்கு நேர் மோதுறது. அதை ஒருத்தரும் தொடேல்லை.

ஃபேஸ்ஆஃப் எண்டது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. செய்யிற முறை இதுதான்:

காலை அகட்டி, இடுப்பை நல்லாப் பதிச்சு நிக்க வேணும். கீழ்க்கையை ஸ்டிக்கிலை நல்லாக் கீழை இறக்கி, உள்ளங்கை தெரியிற மாதிரித் திருப்பிப் பிடிச்சா பேக்ஹாண்டிலை, அதாவது ஸ்டிக்கின்ரை பின்பக்கத்தாலை, இழுக்க வலு வரும். கண் பக்கிலை இல்லை, லைன்ஸ்மனின்ரை கையிலை. பக் விழுந்தாப் பிறகு பாத்தீங்களெண்டா நேரம் போச்சு. கன பேர் முதல்லை பக்கை அடிக்கப் பாப்பினம். அதுக்கு முதல் எதிராளின்ரை ஸ்டிக்கைத் தட்டி விலத்திப்போட்டு, பிறகு பக்கை இழுக்கிறதுதான் வேலை. இழுக்க ஏலாட்டி ஸ்டிக்கைப் பூட்டிப்போட்டுக் காலாலை பின்னுக்குத் தள்ளலாம், இல்லாட்டி விங்கர் வந்து எடுக்கும்வரை ஆளைப் பிடிச்சு வைச்சிருக்கலாம்.

ஐசர்மன் வலக்கை ஆட்டக்காரர். அவர் பேக்ஹாண்டிலை இழுத்தா பக் பின்னுக்கும் வலப்பக்கத்துக்கும் போகும். தன்ரை பகுதியிலை வலது ஃபேஸ்ஆஃப் வட்டத்திலை நிண்டா அது நேரை மூலைக்குப் போகும், பாதுகாப்பு. அதையே இடது வட்டத்திலை இழுத்தா பக் சொந்தக் கோல் வாசலுக்குக் குறுக்காலை வரும், அங்கை ஒரு எதிராளி நிண்டா கதை முடிஞ்சுது. அதாலைதான் நல்ல பயிற்சியாளர் வலக்கை சென்டர், இடக்கை சென்டர் ரெண்டு பேரையும் ஒரேயடியா இறக்கி, வட்டத்தைப் பாத்து ஆளை மாத்துவார். டெட்ராய்டிலை ஐசர்மன் வலக்கை, ஃபெடரோவும் லாரியோனோவும் இடக்கை. போமனுக்கு வேறை என்ன வேணும்?

பிழைக்கிறது எங்கையெண்டா, அவசரம். பக் விழ முதல் அசைஞ்சா லைன்ஸ்மன் ஆளைக் கலைச்சுவிடுவார், விங்கர் வந்து எடுக்க வேணும். இப்பத்தைய விதியிலை அதே ஃபேஸ்ஆஃபிலை ரெண்டாம் தரமும் பிழை விட்டா அணிக்கு 2 நிமிசத் தண்டனை. அந்தக் காலத்திலை வெளியூர் அணி ஆள்தான் முதல்லை ஸ்டிக்கை வைக்க வேணும், அது சொந்த மைதானக்காரருக்கு லாபம். 2015-16இலிருந்து ஆர் தங்கடை பகுதியிலை நிக்கினமோ அவை முதல்லை வைக்க வேணும் எண்டு மாத்திப்போட்டினம். கோல் கூடட்டும் எண்டுதான்.

இன்னொண்டு: லீக் ஃபேஸ்ஆஃப் கணக்கை முறையா வைக்கத் தொடங்கினதே 1997-98இலைதான். அதுக்கு முதல் ஐசர்மன் எத்தினை வெண்டவர் எண்டு ஆரும் சதவீதம் சொன்னா நம்பாதேங்கோ.

நீலக்கோடு

கந்தன் அண்ணன் சொல்கிற வட்டக் கணக்கு அருமை. பின்வரிசையின் விளக்கமும் சரி. ஆனால் இரண்டுமே என் பக்கம்தான் சாய்கின்றன. ஃபேஸ்ஆஃபும் கீழே இறங்குவதும் கற்றுக்கொள்ளும் வேலைகள். அவை புள்ளியைக் குறைக்கும் வேலைகள் அல்ல. பக்கை வென்றவரிடம்தான் பக் இருக்கும், பக் இருந்தால்தான் அசிஸ்ட். 1999-2000இல் செல்கி வாங்கிய அதே சீசனில் 35 கோல், 79 புள்ளி. கோல் குறைவான லீக்கில், 34 வயதில். தற்காப்பும் புள்ளியும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பண்டமாற்று என்றால் இந்த சீசனை எங்கே வைப்பீர்கள்?

செஞ்சிறகு

அந்த சீசனை "பயிற்சி முடிந்த ஆள்" என்ற இடத்தில் வைப்பேன். 1995-97 படிக்கிற காலம், 2000 படித்து முடித்த காலம். தியாகம் என்ற சொல் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், அண்ணே. ஆனால் 30 வயதில் ஐநூறு கோலை நெருங்கிய ஒருவர், தனக்குத் தெரிந்த வேலையை விட்டுத் தெரியாத வேலையை எடுத்தார் என்பதை லீக் சராசரி காட்டாது.

முழங்கால் மூட்டு

இந்த இழையில் இதுவரை ஒரு சொல் விடுபட்டிருக்கிறது: வலது முழங்கால். 1997க்குப் பிறகான எந்த எண்ணையும் அதை விட்டுவிட்டுப் படிக்க முடியாது.

1988 மார்ச் 1, பஃபலோவுக்கு எதிரான ஆட்டம். அன்றைக்குத்தான் அந்த சீசனின் 50ஆவது கோல். அதே ஆட்டத்தில் சறுக்கிப் போய் கோல் கம்பத்தில் மோதி வலது முழங்காலின் பின்சிலுவைத் தசைநார் கிழிந்தது. அறுவை செய்யாமல் தொடைத் தசையை வலுப்படுத்தியே திரும்பினார். அந்தக் காலத்துக்கு அது சரியான முடிவுதான். பின்சிலுவைத் தசைநார் இல்லாமலும் தொடையின் முன்தசை நல்ல வலுவோடு இருந்தால் ஓடலாம், சறுக்கலாம். அடுத்த சீசனில்தானே 155 புள்ளி!

பிரச்சினை உடனே வராது. அந்தத் தசைநாரின் வேலை, கால் எலும்பு தொடை எலும்புக்குக் கீழே பின்பக்கம் நழுவாமல் பிடித்து வைப்பது. அது இல்லாவிட்டால் முழங்காலை மடக்கும் ஒவ்வொரு முறையும் கால் எலும்பு கொஞ்சம் பின்னால் தொய்யும். அதைச் சரிக்கட்ட முன்தசை கூடுதலாக இழுக்கும், முழங்கால் சிப்பி தொடை எலும்பில் அழுந்தும். மூட்டின் உட்பக்கத்திலும் சுமை கூடும். ஆக பல வருடங்களில் தேய்வது இரண்டு இடம்: சிப்பிக்குப் பின்னால், உட்பக்கக் குருத்தெலும்பு. ஹாக்கி ஆட்டக்காரர் எப்போதும் முழங்காலை மடக்கித்தான் சறுக்குகிறார். நேராக நிற்கும் விளையாட்டு என்றால் இந்தக் கணக்கு மெதுவாக ஏறியிருக்கும்.

2002இல் குருத்தெலும்பு பெரும்பாலும் போய், எலும்போடு எலும்பு உரசும் நிலை. அந்த வருடம் சீசனில் 52 ஆட்டம்தான். பிப்ரவரியில் சால்ட் லேக் ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம். பிறகு பிளேஆஃபில் 23 ஆட்டம், 6 கோல், 17 அசிஸ்ட், டெட்ராய்ட் அணியிலேயே அதிகப் புள்ளி. விழுந்தால் ஸ்டிக்கை ஊன்றித்தான் எழுந்தார், பழைய பதிவுகளில் தெளிவாகத் தெரியும்.

கோப்பை முடிந்ததும் ஆகஸ்டில் எலும்பு வெட்டிச் சீரமைக்கும் அறுவை. இதைப் பொதுவாக எப்படிச் செய்வார்கள் என்றால்:

நிற்க வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே எக்ஸ்ரே. இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்கால் மையத்துக்கு ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோடு முழங்காலின் உட்பக்கமாக விழுந்தால் சுமை முழுக்கத் தேய்ந்த இடத்தில் இறங்குகிறது என்று பொருள். கால் எலும்பின் மேல்முனையில், மூட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கிட்டத்தட்ட முழுக்க வெட்டி, ஒரு சிறிய கீல் மட்டும் விடுவார்கள். வெட்டை ஆப்பு வடிவில் திறந்து எலும்புத் துண்டு வைத்துத் தகடும் திருகும் போடுவது ஒரு முறை. மறுபக்கத்திலிருந்து ஆப்பு ஒன்றை எடுத்துவிட்டு மூடுவது இன்னொரு முறை. இலக்கு, அந்தக் கோடு மூட்டின் அகலத்தில் உட்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 62 சதவீதத்தில் விழ வேண்டும், அதாவது நடுவைத் தாண்டி நல்ல பக்கத்துக்கு.

என்ன தவறும்? விட்ட கீல் முறிந்துபோனால் திருத்திய கோணம் நிற்காது. எலும்பு சேரத் தாமதமானால் தகட்டில் சுமை ஏறித் திருகு தளரும். அளவுக்கு மீறித் திருத்தினால் நல்ல பக்கமும் தேயத் தொடங்கும். முதல் ஆறு வாரம் கால் ஊன்றுவதற்குக் கட்டுப்பாடு, எலும்பு சேர மூன்று மாதம் பக்கம். பின்சிலுவைத் தசைநார் இல்லாத மூட்டுக்கு இன்னொரு நுணுக்கமும் உண்டு: மூட்டு மேடையின் முன்பின் சரிவைக் கொஞ்சம் கூட்டினால் கால் எலும்பு பின்னால் தொய்வது குறையும்.

இது செயற்கை மூட்டு வைப்பதைத் தள்ளிப்போட, நடுவயதுக்காரர்கள் வலியில்லாமல் நடமாடச் செய்யும் அறுவை. உலகத்தின் கடினமான ஹாக்கி லீக்குக்குத் திரும்பச் செய்வது அல்ல. 2003 பிப்ரவரி 24இல் ஐசர்மன் திரும்பினார், ஏழு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அந்த சீசனில் 16 ஆட்டம், 8 புள்ளி. விடாமுயற்சிக்கான மாஸ்டர்டன் விருது அந்த வருடம் அவருக்கு. அடுத்த சீசனில் 75 ஆட்டம், 51 புள்ளி. மருத்துவக் கண்ணோடு பார்த்தால் 155ஐவிட எனக்கு வியப்பு இந்த 75 ஆட்டம்தான்.

பின்வரிசை

அற்புதமான பதிவு, டாக்டர். இது என் வாதத்துக்கும் ஒரு ஆணி. முதல் அடி வேகம் குறைந்த சென்டருக்கு 200 அடியும் ஓடும் வேலை கடினம். 2002 பிளேஆஃபில் ஐசர்மன் அதை எப்படிச் சமாளித்தார் என்றால், துரத்துவதை விட்டுவிட்டுக் கோணம் வெட்டினார். பக் வைத்திருப்பவரின் பின்னால் போகாமல், அவர் போகப் போகிற இடத்துக்கும் ரிங்க் நடுவுக்கும் இடையே போய் நின்றார். மூன்று அடி சறுக்கினால் போதும். அது போமன் பள்ளியில் படித்ததுதான். கற்றுக்கொண்ட ஆட்டம் தேய்ந்த முழங்காலுக்குச் சம்பளம் கொடுத்தது.

செஞ்சிறகு

1997, 1998 இரண்டையும் தாண்டிப் போய்விட்டீர்களே!

1997 இறுதி ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக. லிண்ட்ரோஸ், லெக்ளேர், ரென்பர்க் என்ற மலை போன்ற மூவர் வரிசையை உடல் பலத்தால் மோத டிஃபன்ஸ் ஆட்டக்காரர் கான்ஸ்டான்டினோவைப் போடுவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். போமன் லிட்ஸ்ட்ராமையும் லாரி மர்ஃபியையும் போட்டார். மோதலே இல்லை, ஸ்டிக்கும் இடமும்தான். பக்கே வராத இடத்தில் பெரிய உடம்பு என்ன செய்யும்? நாலு ஆட்டத்தில் முடிந்தது. 1955க்குப் பிறகு, 42 வருடம் கழித்து, ஜூன் 7 அன்று டெட்ராய்ட்டுக்குக் கோப்பை. ஆறே நாளில் லிமோசின் விபத்து. கான்ஸ்டான்டினோவும் அணியின் மசாஜ் பணியாளர் மனாட்சகனோவும் தலையில் படுகாயம், கான்ஸ்டான்டினோவ் திரும்ப ஆடவே இல்லை.

1998இல் வாஷிங்டனையும் நாலுக்கு நாலு. ஐசர்மன் 22 ஆட்டத்தில் 24 புள்ளி, பிளேஆஃப் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது. கோப்பையை வாங்கியதும் சக்கர நாற்காலியில் இருந்த கான்ஸ்டான்டினோவிடம்தான் முதலில் கொடுத்தார்.

நீலக்கோடு அண்ணே, அந்த 24ஐ உங்கள் விலைவாசிக் கணக்கில் போடுங்கள். சீசனில் ஆட்டத்துக்கு 0.92, பிளேஆஃபில் 1.09. கோல் இன்னும் குறையும் பிளேஆஃபில் இவர் கூட்டியிருக்கிறார். "வயதும் காலமும்" என்றால் அங்கேயும் குறைந்திருக்க வேண்டுமே?

நீலக்கோடு

அது நியாயமான அடி. 2002இலும் அப்படியே: சீசனில் 52 ஆட்டத்துக்கு 48, பிளேஆஃபில் 23க்கு 23. சீசனில் அவரை அளவோடு பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் 22, 23 ஆட்டம் சின்ன மாதிரி. மொத்த வாழ்க்கையில் சீசன் 1514 ஆட்டத்தில் 692 கோல், 1063 அசிஸ்ட், 1755 புள்ளி, அதாவது ஆட்டத்துக்கு 1.16. பிளேஆஃப் 196 ஆட்டத்தில் 185, அதாவது 0.94. பிளேஆஃப் ஆட்டங்களில் பெரும்பகுதி 1995க்குப் பிறகு என்பதால் இறங்கித்தான் தெரியும். இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது.

என் கணக்கை இப்படி வைத்துக்கொள்கிறேன்: 137இலிருந்து 69 வரை இறங்கிய 68இல், லீக் மாற்றமும் ஆட்ட எண்ணிக்கையும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். மீதியை வயது, முழங்கால், கழுத்து, புதிய வேலை நான்கும் பங்கு போடுகின்றன. புதிய வேலைக்கு மட்டும் எத்தனை என்று பிரித்துக் கேட்டால் பத்து, பதினைந்து என்பேன். செஞ்சிறகு முப்பது என்பார்.

செஞ்சிறகு

இருபத்தைந்து. பேரம் பேசலாம்.

புதுசு

2006இல் ஓய்வு பெற்றது முழங்காலாலா? கண்ணில் அடிபட்டது என்றும் எங்கோ படித்தேன்.

முழங்கால் மூட்டு

இரண்டும் உண்டு, ஆனால் கண் அவரை நிறுத்தவில்லை. 2004 மே மாதம் கல்கரிக்கு எதிரான பிளேஆஃப், திசை மாறிய ஒரு ஷாட் இடது கண்ணில் பட்டது. கண்குழி எலும்பு முறிவு, விழிப்படலத்தில் கீறல். பக் எடை 6 அவுன்ஸ், கடினமான ரப்பர், ஷாட் வேகத்தில் அது கண்குழியின் மெல்லிய எலும்பை உடைப்பது எளிது. அவர் அன்றைக்கு ஹெல்மெட்டில் மாட்டும் முகக் கண்ணாடி அணியவில்லை. 2004-05 சீசன் முழுவதும் லீக்கின் கதவடைப்பில் (லாக்அவுட்) போனதால் குணமாக நேரம் கிடைத்தது. 2005-06இல் 61 ஆட்டம், 34 புள்ளி, 41 வயதில் ஜூலை 3 அன்று ஓய்வு. புதிதாக லீக்குக்கு வருபவர்களுக்கு முகக் கண்ணாடி கட்டாயமானது 2013-14இல்தான்.

கனடாக் கந்தன்

21 வயசிலை, 1986இலை, கேப்டன் ஆனவர். விலகும்வரை அவற்றை சட்டையிலை கேப்டனுக்குரிய C எழுத்து இருந்தது. லீக்கிலை இவ்வளவு காலம் ஆரும் கேப்டனா இருக்கேல்லை. இத்தனைக்கும் 1983இலை நடந்த இளம் ஆட்டக்காரர் தெரிவிலை டெட்ராய்டுக்கு இவர் முதல் விருப்பம் இல்லை. உள்ளூர்ப் பெடியன் பாட் லாஃபொன்டெய்னைத்தான் ஆசைப்பட்டவை. மூண்டாவதா நியூயார்க் ஐலண்டர்ஸ் அவரைத் தூக்க, நாலாவதா இவர் வந்தார்.

மேலாளரா அவர் செய்ததைக் கதைக்கிறதெண்டா அது வேறை இழை. டாம்பா அணியிலை குச்செரோவை 58ஆவதாயும் பாயின்டை 79ஆவதாயும் தெரிவிலை எடுத்தது அவற்றை காலத்திலை. அதை வேறையாத் துவங்குங்கோ.

புதுசு

கடைசியாக ஒன்று. இதெல்லாம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள எந்த ஆட்டங்களைப் பார்க்கலாம்?

பின்வரிசை

மூன்று போதும்.

1996 மே 16, செயின்ட் லூயிஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். கோலே இல்லாமல் இரண்டாவது கூடுதல் நேரம் வரை போய், 1:15இல் ஐசர்மன் நீலக்கோட்டருகிலிருந்து ஸ்லாப் ஷாட்டில் முடித்தார். எல்லாரும் ஷாட்டைத்தான் பார்ப்பார்கள். அதற்கு மூன்று நொடி முன்னால் நடுப்பகுதியில் பக் கிரெட்ஸ்கியிடமிருந்து எப்படிக் கைமாறுகிறது, ஐசர்மன் எந்த இடத்தில் இருக்கிறார் என்று பாருங்கள்.

1997 இறுதியின் எந்த ஆட்டமானாலும் சரி. பக்கை விட்டுவிட்டு இடது விங்கரை மட்டும் ஒரு பத்து நிமிடம் பின்தொடருங்கள். பூட்டு எப்போது விழுகிறது என்று தெரிந்துவிடும்.

2002 முதல் சுற்று, வான்கூவருடன் மூன்றாவது ஆட்டம். சொந்த மண்ணில் இரண்டையும் தோற்றுவிட்டு வந்த அணி. லிட்ஸ்ட்ராம் நடுக்கோட்டருகிலிருந்து அடித்த கோலுக்காக எல்லாருக்கும் நினைவிருக்கிறது. நீங்கள் 19ஆம் எண்ணைப் பாருங்கள், குறிப்பாக ஃபேஸ்ஆஃப் முடிந்த முதல் இரண்டு அடிகளை. வலது காலில் உந்தாமல் இடது காலில் உந்த முயல்வது தெரியும்.

கனடாக் கந்தன்

வலது வட்டமா இடது வட்டமா எண்டதையும் குறிச்சுக்கொண்டு பாருங்கோ தம்பி. ரெண்டுக்கும் அவர் ஸ்டிக்கைப் பிடிக்கிற விதமே வேறை.